அப்பாச்சிக்குப் பின்னால் டாம்கேட்: இணைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஜாவாவில் எழுதிய வலைச் செயலிகளை ஓட்டும் சர்வரான டாம்கேட்டை நிறுவி இயக்கியவுடன் அது 8080 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) காத்திருக்கத் தொடங்குகிறது. உலாவியில் முகவரிக்குப் பின்னால் 8080 என்று சேர்த்தால் பக்கம் திறக்கிறது. சோதனைக்கு அது போதும். ஆனால் பொதுமக்கள் பயன்படுத்தும் தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான வழிக்குரிய 443 போர்ட்டில், சான்றிதழோடு, போர்ட் எண் ஏதும் இல்லாத முகவரியில் திறக்க வேண்டும். லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளைத் திறக்க வழக்கமாக ரூட் எனப்படும் முழு நிர்வாகி உரிமை தேவை. ஜாவா செயலியை ரூட்டாக ஓட்டினால், அதில் உள்ள ஒரே ஓட்டை வழியாக முழு இயந்திரமும் பறிபோகும். எனவே வாசலில் அப்பாச்சி வலை சர்வரை நிறுத்தி, உள்ளே டாம்கேட்டை வைப்பது நீண்ட காலமாக இருந்துவரும் நல்ல வழக்கம்.

முன்பெல்லாம் படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் அப்பாச்சி வேகமாகத் தரும் என்பதையே இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். இன்றைய டாம்கேட் அவற்றையும் நன்றாகவே தருகிறது. இப்போது உண்மையான காரணங்கள் வேறு: சான்றிதழை ஒரே இடத்தில் பராமரிக்கலாம், ஒரே முகவரியின் கீழ் பல செயலிகளை வைக்கலாம், டாம்கேட்டை நிறுத்தும்போது வருகிறவருக்கு ஒரு பராமரிப்புப் பக்கத்தைக் காட்டலாம், நாளை இரண்டாவது டாம்கேட் சேர்ந்தால் சுமையைப் பிரிக்கலாம்.

இரண்டையும் இணைப்பது பத்து நிமிட வேலை. ஆனால் இணைத்த பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து பிறக்கிறது. வந்தவர் யார், எந்தப் பெயரைச் சொல்லித் தளத்தைக் கேட்டார், பாதுகாப்பான வழியில் வந்தாரா என்ற மூன்று செய்திகளும் அப்பாச்சிக்குத் தெரியும். நாம் சொல்லி வைக்காவிட்டால் டாம்கேட்டுக்குத் தெரியாது. இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் செலவிடப்போவது அங்கேதான்.

உபுண்டு அல்லது டெபியன், அப்பாச்சி 2.4, டாம்கேட் 9 அல்லது 10.1 என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். அப்பாச்சியின் அமைப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. டாம்கேட்டின் எக்ஸ்எம்எல் கோப்பில் உண்டு. ஓரெழுத்து மாறினாலும் அந்த அமைப்பு வேலை செய்யாது.

எந்த வழியில் இணைப்பது?

மூன்று வழிகள் இருக்கின்றன. பழமையானது மாட்_ஜேகே. அது தனியாக நிறுவ வேண்டிய தொகுதி. வொர்க்கர்ஸ் டாட் ப்ராப்பர்ட்டீஸ் என்று அதற்கென ஒரு கோப்பும் உண்டு. இரண்டாவது மாட்_ப்ராக்ஸி_ஏஜேபி, அப்பாச்சி 2.2 முதல் கூடவே வருகிறது. இவை இரண்டும் ஏஜேபி என்ற இருமவடிவ நெறிமுறையில், வழக்கமாக 8009 போர்ட்டில், டாம்கேட்டுடன் பேசுகின்றன. மூன்றாவது மாட்_ப்ராக்ஸி_எச்டிடிபி. இது சாதாரண எச்டிடிபியிலேயே பேசுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் மூன்றாவதையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏஜேபியில் ஒரு வசதி உண்டு: வந்தவரின் ஐபி முகவரி, சான்றிதழ் விவரம் முதலிய எல்லாவற்றையும் அது தானாகவே உள்ளே கடத்திவிடும். ஆனால் அந்த வசதிக்கு அடிப்படை, எதிர்முனையில் இருப்பவரை டாம்கேட் முழுமையாக நம்புவது. 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற பெயரில் வெளியான ஓட்டை இந்த நம்பிக்கையால் வந்தது. அதற்கு முன் டாம்கேட்டின் இயல்பு அமைப்பிலேயே 8009 எல்லா முகவரிகளிலும் திறந்திருந்தது. அந்தப் போர்ட்டை எட்ட முடிந்தவர், கடவுச்சொற்கள் இருக்கக்கூடிய உள் அமைப்புக் கோப்புகள் உட்பட, செயலிக்குள் இருக்கும் எந்தக் கோப்பையும் படித்துவிடலாம். 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில் அது அடைக்கப்பட்டது. இப்போது ஏஜேபி இணைப்பான் இயல்பாக அணைத்தே வைக்கப்படுகிறது. திறந்தாலும் ரகசியச் சொல் கேட்கிறது. ஏற்கெனவே ஏஜேபியில் ஓடும் தளம் உங்களிடம் இருந்தால், அந்த ரகசியச் சொல்லை இருபுறமும் எழுதுங்கள். அதை அனுப்பும் வசதி அப்பாச்சியில் 2.4.42 பதிப்பிலிருந்துதான் உண்டு.

எச்டிடிபியைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏதாவது உடைந்தால் கர்ல் கட்டளையால் டாம்கேட்டை நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம். ஏஜேபியில் அப்படிப் பார்க்க முடியாது.

முதல் படி: டாம்கேட்டைத் தனியாகச் சோதியுங்கள்

அப்பாச்சியைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். உங்கள் செயலி முழுவதும் அடங்கிய வார் கோப்பை டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் அடைவில் வையுங்கள். கோப்பின் பெயரே முகவரியில் வரும் பாதையாகும். "நூலகம்" என்ற பெயரில் வைத்தால் /நூலகம் என்ற பாதையில் செயலி திறக்கும். பெரிய எழுத்துகளில் ரூட் என்று பெயரிட்டால், பாதை ஏதும் இல்லாமல் தளத்தின் வேரிலேயே திறக்கும்.

பின்பு அதே இயந்திரத்தில் முனையத்தைத் திறந்து, 127.0.0.1:8080/நூலகம்/ என்ற முகவரியைக் கர்ல் மூலம் கேளுங்கள். 200 அல்லது உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும் 302 வந்தால் சரி. 404 வந்தால், அப்பாச்சியை எவ்வளவு சரியாக அமைத்தாலும் பக்கம் வரப்போவதில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: பழைய செயலியை டாம்கேட் 10இல் வைப்பது. 9 வரை ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்கள் 10 முதல் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. மாற்றாத செயலி அங்கே ஓடாது. வெப்ஆப்ஸுக்குப் பதிலாக வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஓர் அடைவை உருவாக்கி அதில் வார் கோப்பை வைத்தால், டாம்கேட் 10 தானே மாற்றி எடுத்துக்கொள்ள முயலும். பெரிய செயலி என்றால் 9இலேயே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: பின்கதவை மூடுங்கள்

பலர் தவறவிடும் படி இது. முன்னால் அப்பாச்சியை நிறுத்திவிட்டு 8080ஐ உலகத்துக்குத் திறந்தே வைத்தால், வாசலில் போட்ட காவலுக்குப் பொருளே இல்லை. டாம்கேட்டின் கான்ஃப் அடைவில் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, 8080 என்று இருக்கும் கனெக்டர் உறுப்பில் இதைச் சேருங்கள்:

அட்ரஸ்="127.0.0.1"

டாம்கேட்டை மறுதொடக்கம் செய்து, எஸ்எஸ் கட்டளையால் திறந்திருக்கும் போர்ட்டுகளைப் பாருங்கள். 8080 என்ற எண்ணுக்கு நேர் முன்னால் நட்சத்திரக் குறி இருக்கக் கூடாது, 127.0.0.1 இருக்க வேண்டும். ஜாவா ஐபியின் இரு பதிப்புகளுக்கும் ஒரே வாயிலைத் திறப்பதால், 127.0.0.1க்கு முன்னால் சில எழுத்துகளும் முக்காற்புள்ளிகளும் சதுர அடைப்புக்குள் தென்படலாம். கவலைப்பட வேண்டாம். வேறோர் இயந்திரத்திலிருந்து 8080ஐக் கேட்டு, இணைப்பு மறுக்கப்படுகிறதா என்றும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். டாம்கேட் வேறு இயந்திரத்தில் இருந்தால், அந்த இயந்திரத்தின் உள்வலை முகவரியை இங்கே எழுதி, அப்பாச்சியின் முகவரியை மட்டும் தீயரண் வழியாக அனுமதியுங்கள்.

வெப்ஆப்ஸ் அடைவில் மேனேஜர், ஹோஸ்ட்-மேனேஜர் (டாம்கேட்டை உலாவியிலிருந்து நிர்வகிக்கும் செயலிகள்), எக்ஸாம்பிள்ஸ் என்ற அடைவுகள் இருந்தால் இப்போதே நீக்குங்கள். அவற்றின் பாதையை அப்பாச்சியில் நாம் எழுதவே இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் பாதையில் இரண்டு புள்ளிகளோடு அரைப்புள்ளியைச் சேர்த்தால் அப்பாச்சி அதைச் சாதாரணப் பெயராகக் கொண்டு உள்ளே அனுப்பிவிடலாம். டாம்கேட் அதையே "ஓர் அடைவு மேலே போ" என்று படிக்கிறது. அப்படி /நூலகம் வழியாக நுழைந்து மேனேஜருக்குப் போகும் உத்தி பலருக்கும் தெரிந்தது. மேனேஜரே இல்லாவிட்டால் அங்கே போய் எடுக்க ஒன்றும் இராது.

மூன்றாம் படி: அப்பாச்சியின் தொகுதிகள்

சூடோ ஏ2என்மாட் ப்ராக்ஸி ப்ராக்ஸி_எச்டிடிபி ஹெடர்ஸ் எஸ்எஸ்எல்

பின்பு அப்பாச்சியை மறுதொடக்கம் செய்யுங்கள். ரெட் ஹேட் குடும்பத்தில் ப்ராக்ஸி தொகுதிகள் பெரும்பாலும் முன்பே இயக்கத்தில் இருக்கும்.

நான்காம் படி: இணைக்கும் வரிகள்

அப்பாச்சியின் தள அமைப்புக் கோப்பில், 443க்கான வர்ச்சுவல்ஹோஸ்ட் பகுதிக்குள், சான்றிதழ் வரிகளுக்குக் கீழே இவற்றை எழுதுங்கள்:

ப்ராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட் ஆன்
ரெக்வெஸ்ட்ஹெடர் செட் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ "எச்டிடிபிஎஸ்"
ப்ராக்ஸிபாஸ் "/நூலகம்" "எச்டிடிபி://127.0.0.1:8080/நூலகம்"
ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ் "/நூலகம்" "எச்டிடிபி://127.0.0.1:8080/நூலகம்"

பின்பு அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட் என்று ஓட்டிப் பிழை இல்லை என்பதை உறுதிசெய்து, ரீலோட் செய்யுங்கள். பக்கம் திறக்க வேண்டும்.

ப்ராக்ஸிபாஸ் வரி, இடப்பக்கப் பாதைக்கு வரும் கோரிக்கையை வலப்பக்க முகவரியில் இருக்கும் டாம்கேட்டுக்கு அனுப்புகிறது. இந்த நான்கு வரிகளில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. சாய்கோட்டை இரு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள். இடப்பக்கம் /நூலகம்/ என்று கோட்டுடன் முடித்து, வலப்பக்கம் கோடில்லாமல் விட்டால், /நூலகம்/உள்நுழைவு என்ற கோரிக்கை டாம்கேட்டிடம் /நூலகம்உள்நுழைவு என்று ஒட்டிக்கொண்டு போகும். 404 வரும்; ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும். டாம்கேட்டின் கோரிக்கைகள் பதிவாகும் அணுகல் லாகைத் திறந்தால் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்று எண்ணிலேயே எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் சில இயந்திரங்களில் முதலில் ஐபியின் ஆறாம் பதிப்பு முகவரியைக் காட்டும். நாமோ டாம்கேட்டை 127.0.0.1இல் மட்டும் நிறுத்தியிருக்கிறோம்.

ப்ராக்ஸிபாஸ் வரிகளில் எது முதலில் பொருந்துகிறதோ அதுவே வெல்லும். எனவே குறிப்பான பாதைகள் மேலே, பொதுவானவை கீழே. தளம் முழுவதையும் டாம்கேட்டுக்கு அனுப்பிவிட்டு, பராமரிப்புப் பக்கத்தை மட்டும் அப்பாச்சியே தர வேண்டும் என்றால், அந்தப் பக்கத்தின் பாதைக்கு எதிரே வியப்புக்குறி இட்ட ஒரு ப்ராக்ஸிபாஸ் வரியை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். எர்ரர்டாக்குமென்ட் 503 என்ற வரியில் அதே பக்கத்தைச் சுட்டினால், டாம்கேட் நின்றிருக்கும்போது வருகிறவருக்கு வெற்றுப் பிழைச் செய்திக்குப் பதிலாக உங்கள் அறிவிப்பு தெரியும்.

ப்ராக்ஸிரெக்வெஸ்ட்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. பெயர் தொடர்புடையது போலத் தோன்றுவதால் சிலர் அதையும் ஆன் செய்துவிடுகிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். அது உங்கள் சர்வரை யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் போவதற்குப் பயன்படுத்தும் பொதுவழியாக்கிவிடும்.

ஐந்தாம் படி: மூன்று செய்திகளைக் கடத்துங்கள்

பக்கம் திறந்ததும் வேலை முடிந்தது போலத் தோன்றும். இப்போது டாம்கேட்டின் அணுகல் லாகைத் திறந்து பாருங்கள். உலகெங்கிலுமிருந்து வந்த கோரிக்கைகள் அத்தனையும் 127.0.0.1இலிருந்து வந்ததாக எழுதியிருக்கும். டாம்கேட்டின் பார்வையில் அது உண்மை; அதனிடம் பேசுவது அப்பாச்சி ஒன்றுதான்.

எந்தப் பெயரில் கேட்டார் என்ற செய்தியை ப்ராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட் கடத்துகிறது. அது இல்லாவிட்டால், கேட்டவர் 127.0.0.1:8080ஐயே கேட்டதாக டாம்கேட் எண்ணும். செயலி அனுப்பும் மின்னஞ்சலில் "கடவுச்சொல்லை மாற்ற இங்கே சொடுக்குங்கள்" என்ற இணைப்பு அந்த முகவரியோடு போய்ச் சேரும். பெறுபவரின் கைப்பேசியில் அது எங்கும் திறக்காது. ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ் இதைச் சரிசெய்யாது; அது மறுமொழியின் தலைப்புகளில் (பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்பு வரிகளான ஹெடர்களில்) வரும் முகவரிகளை மட்டுமே திருத்துகிறது, பக்கத்துக்குள்ளும் மின்னஞ்சலிலும் இருப்பதைத் தொடுவதில்லை.

யார் வந்தார் என்பதை மாட்_ப்ராக்ஸி_எச்டிடிபி தானாகவே எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பில் சேர்த்து அனுப்புகிறது. எச்டிடிபிஎஸ் வழியா என்பதைத் தானாக அனுப்புவதில்லை. அதற்குத்தான் ரெக்வெஸ்ட்ஹெடர் வரி. அதில் "செட்" என்றே எழுதுங்கள். வெளியிலிருந்து யாராவது அதே தலைப்பைப் பொய்யாக அனுப்பினாலும் அப்பாச்சி அதை அழித்துத் தன் சொல்லை எழுதிவிடும்.

அனுப்பினால் மட்டும் போதாது. டாம்கேட் அதைப் படிக்கவும் வேண்டும். சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஹோஸ்ட் உறுப்புக்குள் ஒரு வால்வ் உறுப்பைச் சேருங்கள். அதன் கிளாஸ்நேம்: ஆர்க்.அப்பாச்சி.கேட்டலினா.வால்வ்ஸ்.ரிமோட்ஐபிவால்வ். அதில் ப்ரோட்டோகால்ஹெடர் என்ற பண்புக்கு எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்று மதிப்பு கொடுங்கள். அருகிலேயே இருக்கும் அக்சஸ்லாக்வால்வ் உறுப்பில் ரெக்வெஸ்ட்ஆட்ரிபியூட்ஸ்எனேபிள்டு என்பதை ட்ரூ ஆக்குங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு லாகில் உண்மையான முகவரிகள் தெரியும்.

எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பையும் ஒருவர் பொய்யாக நிரப்பி அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம். ஆனால் அப்பாச்சி தான் கண்ட முகவரியைப் பட்டியலின் வலக்கோடியில் சேர்க்கிறது. ரிமோட்ஐபிவால்வ் வலமிருந்து இடமாகப் படித்து, தான் நம்பாத முதல் முகவரியிலேயே நின்றுவிடுகிறது. பொய் முகவரி அதற்கும் இடப்பக்கம் இருப்பதால் எட்டப்படுவதில்லை.

எச்டிடிபிஎஸ் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. உலாவியின் உருவாக்குநர் கருவியில், வந்தவரை அடையாளம் வைக்க டாம்கேட் தரும் ஜேசெஷன்ஐடி குக்கீயைப் பாருங்கள். செக்யூர் என்ற குறி இருந்தால் டாம்கேட்டுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால், தான் பாதுகாப்பற்ற வழியில் பேசுவதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று செயலியில் எழுதியிருந்தால், அது உலாவியைத் திரும்பத் திரும்ப அதே முகவரிக்கு அனுப்பிச் சுழல வைக்கும்.

பாதையை மாற்றாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம். ஓர் அலுவலகத்தில் செயலி உள்ளே /நூலகம் என்ற பாதையில் இருந்தது. வெளியே தளத்தின் வேரிலேயே தெரிய வேண்டும் என்றார்கள். ப்ராக்ஸிபாஸில் இடப்பக்கம் வெறும் சாய்கோடு, வலப்பக்கம் /நூலகம்/ என்று எழுதினேன். பக்கங்கள் திறந்தன. உள்நுழைவுப் பக்கத்தில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தட்டினால், பிழை என்று எதுவும் சொல்லாமல் மறுபடியும் உள்நுழைவுப் பக்கமே வந்தது. கடவுச்சொல் தவறில்லை, தரவுத்தளத்தில் உள்நுழைவு வெற்றி என்று பதிவாகியிருந்தது. ஒரு பகல் முழுவதும் செயலியின் நிரல்களில் தேடினேன்.

விடை ஒரு வரியில் இருந்தது. டாம்கேட் அனுப்பிய செட்-குக்கீ தலைப்பின் முடிவில் பாத்=/நூலகம் என்று இருந்தது. உலாவிக்குத் தெரிந்த முகவரிகளில் /நூலகம் என்ற பாதையே இல்லை. எனவே அது குக்கீயை வாங்கி வைத்துக்கொண்டு, ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் டாம்கேட்டுக்குப் புது ஆளாகவே தெரிந்தது.

ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ்குக்கீபாத் என்ற வரியால் இதைத் திருத்தலாம். ஆனால் செயலி தன் பாதையைச் சேர்த்து உருவாக்கும் இணைப்புகள் அப்போதும் உடைந்தே இருக்கும். வேரில் தெரிய வேண்டும் என்றால் வார் கோப்புக்கு ரூட் என்று பெயரிட்டு, இருபுறமும் வேராகவே வைத்துவிடுங்கள்.

503, 502, 504: லாக் சொல்வதைக் கேளுங்கள்

503 வந்தால் முதலில் அப்பாச்சியின் எர்ரர் லாகைத் திறக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் 111 என்று இருந்தால் இணைப்பு மறுக்கப்பட்டிருக்கிறது: டாம்கேட் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. 13 என்று இருந்தால் அனுமதி மறுப்பு. ரெட் ஹேட் குடும்ப இயந்திரங்களில் இது பெரும்பாலும் அங்கே உள்ள பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸின் வேலை. வலை சர்வர் தானாக வேறு போர்ட்டுகளுக்கு இணைப்பு எடுப்பதை அது இயல்பாகத் தடுக்கிறது. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். இந்த ஒரு வரி போதும்:

செட்எஸ்இபூல் -பி எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் ஆன்

இதில் -பி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினால்தான் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்கும்.

எப்போதாவது மட்டும், காரணமே தெரியாமல் 502 வருவது இன்னும் தொந்தரவானது. அப்பாச்சி ஒரு முறை எடுத்த இணைப்பை மூடாமல் வைத்து அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்துகிறது. டாம்கேட்டோடு வரும் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் கனெக்‌ஷன்டைம்அவுட் 20000, அதாவது 20 வினாடி. கீப்அலைவ்டைம்அவுட் தனியாகக் கொடுக்காவிட்டால் அதுவும் அதே அளவு. சும்மா இருந்த இணைப்பை டாம்கேட் மூடுகிற அதே கணத்தில் அப்பாச்சி அதில் கோரிக்கையை அனுப்பினால், பதில் வராமல் 502 ஆகிறது. ப்ராக்ஸிபாஸ் வரியின் இறுதியில் டிடிஎல்=15 என்று சேர்த்தால், டாம்கேட் மூடுவதற்கு முன்பே அப்பாச்சி அந்த இணைப்பைக் கைவிட்டுவிடும்.

504 என்றால் டாம்கேட் பதில் தரத் தாமதிக்கிறது. அப்பாச்சி இயல்பாக 60 வினாடி காத்திருக்கும்; உபுண்டு, டெபியனோடு வரும் அமைப்புக் கோப்பில் அது 300 வினாடி. நீண்ட அறிக்கை தயாரிக்கும் பக்கத்துக்கு மட்டும் தனி ப்ராக்ஸிபாஸ் வரி எழுதி, அதில் டைம்அவுட்டைக் கூட்டுங்கள். தளம் முழுவதற்கும் கூட்டினால் சிக்கிய கோரிக்கைகள் குவிந்து நல்ல பக்கங்களையும் மூழ்கடிக்கும். டாம்கேட் ஒரே நேரத்தில் கையாளும் கோரிக்கைகளின் உச்சவரம்பான மேக்ஸ்த்ரெட்ஸ் இயல்பாக 200 என்பதையும் நினைவில் வையுங்கள். தரவுத்தள இணைப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இந்த எண்ணை மட்டும் உயர்த்துவதால் பயனில்லை.

இரண்டு டாம்கேட் வைத்தால்

ப்ராக்ஸி_பேலன்சர், எல்பிமெத்தட்_பைரெக்வெஸ்ட்ஸ் ஆகிய தொகுதிகளைச் சேர்த்து, இரண்டு பேலன்சர்மெம்பர் வரிகள் எழுத வேண்டும். முக்கியமானது அமர்வு. ஒருவர் உள்நுழைந்த டாம்கேட்டிடமே அவருடைய அடுத்த கோரிக்கையும் போக வேண்டும். ஒவ்வொரு டாம்கேட்டின் என்ஜின் உறுப்பிலும் ஜேவிஎம்ரூட் பண்புக்கு ஒரு பெயர் கொடுங்கள். அதே பெயரை பேலன்சர்மெம்பர் வரியில் ரூட் (வழி என்ற பொருளில்; வேர் என்ற பொருளிலுள்ள ரூட் அல்ல) என்பதன் மதிப்பாக எழுதுங்கள். ஸ்டிக்கிசெஷன் மதிப்பாக ஜேசெஷன்ஐடி என்று கொடுங்கள். குக்கீயின் முடிவில் ஒரு புள்ளியும் அந்தப் பெயரும் ஒட்டியிருந்தால் சரியாக அமைந்திருக்கிறது.

கடைசிச் சோதனை: மறுதொடக்கம்

இரண்டு சேவைகளையும் சிஸ்டம்சிடிஎல் எனேபிள் மூலம் தானாகத் தொடங்கும்படி செய்துவிட்டு, தளத்தை ஒப்படைப்பதற்கு முன் இயந்திரத்தையே ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். அப்பாச்சி உடனே எழுந்துவிடும். டாம்கேட் செயலியை விரித்து ஏற்ற நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் வருகிறவருக்கு 503 கிடைக்கும். டாம்கேட் தயாரான பிறகும் சிறிது நேரம் 503 தொடர்ந்தால் பதற வேண்டாம்: ஒருமுறை இணைப்பு தோற்றால் அந்த டாம்கேட்டை 60 வினாடி வரை மறுபடி கேட்காமல் இருப்பது அப்பாச்சியின் இயல்பு. பின்னால் ஒரே ஒரு டாம்கேட் இருக்கும்போது அந்தக் காத்திருப்பால் யாருக்கும் பயனில்லை. ப்ராக்ஸிபாஸ் வரியில் டிடிஎல்=15 என்பதற்கு அருகிலேயே ரீட்ரை=0 என்றும் எழுதிவிடுங்கள். டாம்கேட் தயாரானதற்கு அடுத்த கோரிக்கையிலேயே பக்கம் திறக்கும்.